நாயைத் தேனீ கொட்டினால்...

பெங்களூரு, புணே, மும்பை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. மரங்கள் பூக்கத் தொடங்கியதும், பால்கனியின் அடிப்புறத்திலோ தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ கரிய முறம் ஒன்று தொங்குவதுபோல் தேன்கூடு தோன்றிவிடும். அது மலைத்தேனீயின் கூடு. நம் நாட்டுத் தேனீக்களில் உருவத்தில் பெரியவற்றுள் ஒன்றான இவ்வினம், சீண்டினால் கூட்டமாய்த் துரத்தும். பாறை முகப்புகளையும் உயர்ந்த மரக்கிளைகளையும் நாடி வாழ்ந்த இத்தேனீ, இன்று நாம் எழுப்பிய கட்டடங்களிலும் குடியேறுகிறது.

அதே குடியிருப்பில் நாய்களும் வளர்கின்றன. பறப்பதைப் பாய்ந்து கவ்வுவதும், பூச்செடிக்குள் மூக்கை நுழைப்பதும், தரையில் விழுந்து துடிக்கும் தேனீயைக் காலால் தட்டிப் பார்ப்பதும் நாயின் இயல்பு. ஆகவே மூக்கு, உதடு, வாயின் உட்புறம், முன்னங்கால் ஆகியவையே பெரும்பாலும் கொட்டுப்படும் இடங்கள். நாய் திடீரென்று அலறிக் குதித்து முகத்தைக் காலால் தேய்த்தாலோ, ஒரு காலை ஊன்றாமல் இடைவிடாது நக்கினாலோ, தேனீ கொட்டியிருக்கக்கூடும் என்று ஐயுறுதல் வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

முதலில், நாயை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். தேனீ கொட்டும்போது வாழைப்பழ மணத்தை ஒத்த ஒரு வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அது பிற தேனீக்களுக்கு விடப்படும் போர் அழைப்பு. கைகளை வீசி விரட்ட முயல்வது நிலைமையை மோசமாக்கும். நாயுடன் விரைந்து ஓர் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்து, கொடுக்கைத் தேடுங்கள். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது நச்சுப்பையுடன் தோலிலேயே தங்கிவிடும். தேனீ பறந்து சென்ற பின்னரும் அந்தப் பை சிறிது நேரம் நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எனவே எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம். நகத்தாலோ, உங்கள் ஏ.டி.எம். அட்டையின் விளிம்பாலோ வழித்துத் தள்ளிவிடலாம். குளவி கொட்டியிருந்தால் கொடுக்கு பெரும்பாலும் தங்காது. வீணாகத் தேடிக் காலம் கடத்த வேண்டியதில்லை.

பின்னர், அவ்விடத்தைத் தண்ணீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றியெடுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். முகத்தருகே கை கொண்டு செல்லும்போது எச்சரிக்கை தேவை. ஓரிடத்தில் மட்டும் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

செய்யக்கூடாதவை

தேனீ கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். நாய்க்கு அதைச் செய்தல் கூடாது. தடவியதை அது உடனே நக்கும். சுண்ணாம்பு வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். மண்ணெண்ணெயும் அவ்வாறே.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் இன்னும் ஆபத்தானவை. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். ஒவ்வாமைக்கென நாம் உட்கொள்ளும் மாத்திரையையும் கால்நடை மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்கலாகாது. சளி மாத்திரைகள் சிலவற்றில் ஒவ்வாமை மருந்தோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும்.

வாந்தியை அலட்சியம் செய்யாதீர்கள்

ஒவ்வாமை என்றதும் நாம் மூச்சுத்திணறலையே எதிர்பார்க்கிறோம். ஆனால் நாயின் உடலில் கடும் ஒவ்வாமை கல்லீரலையும் குடலையும் முதன்மையாகத் தாக்குகிறது. அதனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவையே முதல் அறிகுறிகளாக வரக்கூடும்.

நான் குடியிருந்த வளாகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நாய்க்கு இதுவே நேர்ந்தது. மூக்கில் ஒரே ஒரு கொட்டு. கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தது. காலையில் உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கருதினர். காவலாளிதான், "ஐயா, இதன் பின்னங்கால் நிற்கவில்லையே" என்று சுட்டிக் காட்டினார். ஈறு வெளுத்திருந்தது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுசென்றனர். அட்ரினலின் ஊசியும் நரம்பு வழித் திரவமும் செலுத்திய பின்னரே நாய் தலை தூக்கியது. மாலை வரை காத்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் மருத்துவர்.

ஆகவே கொட்டுப்பட்ட பின் சில மணி நேரம் நாயைத் தனியே விடாதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் கூடுதல் கவனம் தேவை. ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அவ்வாறு சிவக்காவிடினும், மேற்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்படினும், முகமும் கழுத்தும் வீங்கினும், வாய்க்குள் கொட்டியிருப்பினும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பக் போன்ற தட்டை முக நாய்களுக்கு மூச்சுப்பாதை இயல்பிலேயே குறுகியது. அவற்றுக்குச் சிறு வீக்கமும் பெருந்தீங்காகலாம்.

கூட்டமாகத் தாக்கினால்

கிலோ எடைக்கு ஏறத்தாழ 20 கொட்டுகள் உயிரைப் பறிக்கக்கூடும் என்பது பாலூட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 200 கொட்டுகள். ஒவ்வாமை உள்ள நாய்க்கு இக்கணக்கு பொருந்தாது; அதற்கு ஒன்றே போதும். பல கொட்டுகள் பட்ட நாய் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது அடுத்த ஓரிரு நாளில்தான் வெளிப்படும். சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவது அதன் எச்சரிக்கை.

முன்னேற்பாடு

கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையின் எண்ணையும் இன்றே கைபேசியில் பதிந்துவையுங்கள். சென்னை வேப்பேரி, பெங்களூரு ஹெப்பாள் போன்ற இடங்களில் அரசுக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அவற்றின் வேலை நேரத்தை முன்பே அறிந்துகொள்வது நன்று.

பணமும் முன்னேற்பாடே. அவசர சிகிச்சையும் ஓரிரு நாள் கண்காணிப்பும் மாத வரவுசெலவைக் கலைத்துவிடும். குடும்பத்தின் அவசர நிதியில் நாய்க்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள்; மாதம் சிறு தொகையாகத் தொடர் வைப்பில் சேர்ப்பது எளிய வழி. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்குக் காப்பீடு அளிக்கின்றன. வயது வரம்பு, காத்திருப்புக் காலம், விலக்குகள் ஆகியவற்றைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

கூட்டை இரவில் தீயிட்டு அழிப்பது தீர்வன்று. தப்பிய தேனீக்கள் மறுநாள் கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் தாக்கும். மகரந்தம் சுமந்து நம் காய்கனிகளை விளைவிப்பவையும் அவையே. குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாகப் பயிற்சி பெற்ற தேனீ வளர்ப்போரை அழையுங்கள். அதுவரை, நாயின் நடைப்பயிற்சிக்குக் கூட்டிலிருந்து விலகிய வேறு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.