அன்னம்மாள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்?

ஜூலை பிறந்தால் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பேச்சு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் திரும்பிவிடும். பாலத்தைத் தாண்டினால் பெருநிலம். அங்கே குன்றின் அடிவாரத்தில் புனித அன்னம்மாள் பேராலயம். ஜூலை 26-ஐ ஒட்டி வரும் திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து கூட்டம் வரும். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் திருநீற்று நெற்றிகளும் உண்டு. பிள்ளை வரம் கேட்க வருகிறவர்கள் மதம் பார்ப்பதில்லை.

ஆனால் மரியாளின் தாயான இந்த அன்னம்மாளை விவிலியத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். புரொட்டஸ்டண்டு சபைகளின் 66 நூல்களிலும் இல்லை, கத்தோலிக்கரின் 73-லும் இல்லை. லூக்கா நற்செய்தியில் கோவிலில் காத்திருக்கும் முதிய அன்னா வேறு ஆள்.

அன்னம்மாள் வருவது ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற இரண்டாம் நூற்றாண்டு நூலில். பிள்ளையில்லாதவன் முதல் ஆளாகக் காணிக்கை கொண்டுவரக் கூடாது என்று அவருடைய கணவர் சுவக்கீனைத் தடுக்கிறார்கள். அவர் மனமுடைந்து வனாந்தரத்துக்குப் போய்விடுகிறார். வீட்டில் அன்னம்மாள் மரத்திலிருக்கும் குருவிக்கூட்டைப் பார்த்துப் புலம்புகிறார். பிறகு வானதூதர் வருகிறார், மரியாள் பிறக்கிறாள், மூன்று வயதில் கோவிலில் விடப்படுகிறாள். ஏற்கத்தகாத நூல்கள் என்று போப் ஜெலாசியுஸ் பெயரில் வழங்கிய பழைய பட்டியலில் இந்நூலும் இருக்கிறது. நூலை வெளியே நிறுத்திய திருச்சபை, கதையின் நாயகிக்குத் திருநாள் வைத்துக்கொண்டது. இதை முரண்பாடு என்று சொல்லத் தோன்றவில்லை. வேதம் என்று வாசிப்பது ஒன்று, மரபு என்று போற்றுவது இன்னொன்று என்பதில் கத்தோலிக்கர் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். அந்த மரபுக்கு எழுத்தில் ஆதாரம் எங்கே என்று மெதடிஸ்டுகள் போன்ற புரொட்டஸ்டண்டுகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இடையில் ஒரு வேடிக்கை: குர்ஆனின் ‘ஆல இம்ரான்’ அத்தியாயத்தில், இம்ரானின் மனைவி வயிற்றுப் பிள்ளையை இறைவனுக்கு நேர்ந்துகொள்கிறார், மர்யம் பிறக்கிறாள். தாயின் பெயர் மட்டும் அங்கே இல்லை. ஜெலுத்தோங்கில் பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு அது வேதம்.

1505 ஜூலையில் ஜெர்மனியில் இடிமழையில் சிக்கிய ஓர் இளைஞர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று இதே அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். அவர்தான் மார்ட்டின் லூத்தர். 1534-இல் வந்த அவருடைய ஜெர்மன் வேதாகமம், கத்தோலிக்கரின் எண்ணிக்கையில் கூடுதலாக உள்ள தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவற்றைப் பழைய ஏற்பாட்டுக்குப் பின்னால் தனியே ஒதுக்கியது. வேதத்துக்குச் சமமில்லை, வாசிக்க நல்லவை என்பது அவர் தந்த விளக்கம். 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், அந்நூல்களும் வேதமே என்று அறுதியிட்டது. ஆங்கிலிக்கர்கள் நடுவழியில் நின்றார்கள்: நல்லொழுக்கத்துக்காக வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ எடுக்கக் கூடாது.

தமிழில் நடந்தது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் இந்நூல்களைத் தமிழில் அச்சிட்டிருக்கிறது. அந்த மிஷனின் சீகன்பால்கு 1719-இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் வரைதான் வந்திருந்தது. அவருக்குப் பின் பெஞ்சமின் சூல்ட்சே மீதியை முடித்தார். 1728-இல் இந்தத் தள்ளுபடி நூல்களும் வெளிவந்தன. பிறகு எங்கே போயின? 1826-இல் லண்டனில் இருந்த பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம், ஸ்காட்லாந்துக்காரர்களின் நெருக்குதலால், இவற்றைச் சேர்த்து அச்சிடப் பணம் தருவதில்லை என்று தீர்மானித்தது. தமிழ் வேதாகமத்தைப் பெருமளவில் பரப்பியது அந்தச் சங்கமும் அதன் சென்னைக் கிளையும்தான். ஆக, மலாயாவுக்குக் கப்பலேறிய புரொட்டஸ்டண்டுத் தமிழர் கையில் 66 நூல்களே இருந்தன. கோட்பாட்டோடு அச்சுச் செலவும் சேர்ந்துதான் அந்தப் பட்டியலை இறுக்கியது என்பது என் கணிப்பு. 1995-இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த ‘திருவிவிலியம்’ இவற்றை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்று பெயரிட்டு இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்தது. கிட்டத்தட்ட லூத்தர் வைத்த இடம்!

எண்ணிக்கைச் சண்டை போதகர்களோடு நிற்பதில்லை. கத்தோலிக்கத் திருமணத்தில், தோபித்து நூலில் தோபியாவும் சாராவும் செய்த மன்றாட்டை வாசித்தால், பெண் வீட்டு மெதடிஸ்டு அத்தை தன் வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அது சிரிப்போடு போய்விடும். சாவு வீட்டில் அப்படிப் போகாது. 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில், போரில் மாண்ட வீரர்களின் ஆடைக்குள் சிலைத் தாயத்துகள் கிடைக்கின்றன. அவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரமாகப் பலி செலுத்த, படைத்தலைவர் யூதா இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா வசூலித்து எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தோருக்காகப் பூசை வைக்கும் வழக்கத்துக்குக் கத்தோலிக்கர் காட்டும் வேத ஆதாரம் இது. இந்த நூலே வேதமல்ல என்பவருக்கு அந்த ஆதாரம் இல்லை. அவரைப் பொறுத்தவரை, இறந்தவர் ஆண்டவர் கையில், நாம் கேட்க ஒன்றுமில்லை.

இரு சபைகள் கலந்த குடும்பத்தில் அடக்கப் பூசைக்கு வாசகம் தேர்ந்தெடுப்பது சுலபம். மக்கபேயரை விட்டுவிட்டு 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்தால் எல்லோருடைய புத்தகத்திலும் இருக்கும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அந்த வழி உதவாது. கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்த மெதடிஸ்டுப் பெண், இறந்துபோன தன் அப்பாவின் பெயரைப் பூசைக்கு எழுதிக் கொடுக்கலாமா? மாமியார் கொடு என்கிறார், அண்ணன் வேண்டாம் என்கிறார். இருவரும் வேதத்தைத்தான் காட்டுகிறார்கள்.