ஒரு ‘டூ’வால் வந்த வினை: கேட்டல் திறனுக்கு ஒரு வாசிப்புப் பகுதி

முதலில் ஒரு சின்ன சோதனை. கீழே உள்ள வரியை வாய்விட்டுப் படிங்க.

‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.’

விமானியை எத்தனை அடிக்கு இறங்கச் சொல்கிறார்கள்? 2,400 அடியா, 400 அடியா? ஆங்கிலத்தில் எழுதினால் குழப்பம் இல்லை. இரண்டு என்ற எண்ணுக்கு ஒரு எழுத்துக்கோவை, நம் நான்காம் வேற்றுமை ‘கு’ உருபின் வேலையைச் செய்யும் சொல்லுக்கு வேறொன்று. ஆனால் காதுக்கு இரண்டும் ‘டூ’தான். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் அந்தச் சிக்கல் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

இது கற்பனைக் கேள்வி இல்லை. 1989 பிப்ரவரி 19, இன்னும் விடியாத நேரம். ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நம் சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே நான்கு பேர். தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னது, மேலே நீங்கள் படித்த அதே சொற்கள். அவர் நினைத்தது 2,400 அடி. விமானி அறையிலிருந்து வந்த பதில்: ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ.’ அதாவது 400.

இந்தப் பதிலில் கொஞ்சம் நில்லுங்கள். தவறு அங்கேயே வெளியில் வந்துவிட்டது. கேட்டதை அப்படியே திரும்பச் சொல்வது விமானிகளின் கட்டாய வழக்கம். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் உடனே திருத்த வேண்டும். அன்று திருத்தம் வரவில்லை. ஒருவர் தான் எதிர்பார்த்ததைக் கேட்டார், இன்னொருவர் தான் சொன்னதையே மறுபடி கேட்டதாக எடுத்துக்கொண்டார். விமானம் இறங்கிக்கொண்டே போய், பூச்சோங் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றின் சரிவில் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள்.

அந்த ஒரு சொல்தான் முழுக் காரணம் என்று மாணவர் எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி பலமுறை ஒலித்தும் விமானத்தை மேலே தூக்கவில்லை. அந்த எச்சரிக்கை ஒலித்ததும் யோசிக்காமல் உடனே மேலேறும் பயிற்சி வலுப்பட்டதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம். ‘காரணங்களை விளக்குக’ வகைக் கேள்விக்கு இது நல்ல பகுதி. ஒரு காரணத்தோடு நின்றுவிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது? அனைத்துலக நடைமுறைப்படி, முழு ஆயிரமும் நூறும் வரும் உயரத்தை ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஆயிரம்’ என்ற சொல் நடுவில் வந்துவிட்டால், முன்னால் உள்ள ‘டூ’ எண்ணாகத்தான் இருக்க முடியும். எண்களின் உச்சரிப்பிலும் இதே கவனம் உண்டு. மூன்றுக்கு ‘ட்ரீ’, ஐந்துக்கு ‘ஃபைஃப்’, ஒன்பதுக்கு ‘நைனர்’. கேட்கச் சிரிப்பாக இருக்கும். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோல ஒலிக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை என்று ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். ‘இருநூறு’, ‘அறுநூறு’ இரண்டையும் வகுப்பின் முன்னால் நின்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் எத்தனை பேர் மாற்றி எழுதுகிறார்கள் என்று தெரியும்.

கருவிவழிப் பறத்தல் பயிற்சியில் இது ஏன் இன்னும் கடினம்? பயிற்சி விமானியின் நெற்றியில் மறைப்புத் தொப்பி ஒன்றை மாட்டிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே உள்ள கருவிகள் மட்டும்தான். பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொள்வார். உயரம், வேகம், திசை, சாய்வு என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும்போது காதில் ஒரே மூச்சில் ஐந்தாறு கட்டளைகள் வந்து விழும். அதனால் கட்டளையைச் சுருக்கக் குறிகளால் எழுதிக்கொள்ளப் பழக்குகிறார்கள். ‘இந்த ஓடுபாதையை எதிர்பார்க்கவும்’ என்பது முன்தகவல்தான், அனுமதி இல்லை. புதியவர்கள் இங்கேதான் அடிக்கடி சறுக்குவார்கள்.

‘அனுமதி’ என்ற சொல்லே உயிரை வாங்கிய கதையும் உண்டு. 1974 டிசம்பர் 1, அமெரிக்காவில் டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டன் அருகே டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்தது. ‘அணுகுமுறைக்கு அனுமதி’ என்று செய்தி கிடைத்தது. வரைபடத்தில் ஒரு பகுதிக்குக் குறைந்த உயரம் 3,400 அடி என்று இருந்ததை விமானியே கவனித்துப் பேசினார். ஆனாலும், அனுமதி தந்துவிட்டார்கள் என்றால் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று முடிவெடுத்தார். மலைகளைப் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு என்பது கட்டுப்பாட்டு அதிகாரிகளின் புரிதல். விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். இங்கே யார் காதும் தவறவில்லை. சொல் சரியாகக் கேட்டது, பொருள்தான் இரண்டாக இருந்தது. பிறகு விதியைத் தெளிவாக்கினார்கள்: வரைபடத்தில் உள்ள பாதையில் சேரும்வரை, கடைசியாகக் கொடுத்த உயரத்திலிருந்து இறங்கக்கூடாது. இன்றும் கருவிவழிப் பறத்தல் படிப்பவர்கள் இந்த விதியைக் கற்றே ஆக வேண்டும்.

‘ரோஜர்’ என்றால் ‘சரி’ என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் பொருள் ‘நீங்கள் சொன்னது முழுவதும் கிடைத்தது’, அவ்வளவே. செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’, ஆம் என்பதற்கு ‘அஃபர்ம்’. உயரம், திசை, ஓடுபாதை போன்றவற்றுக்கு வெறும் ‘ரோஜர்’ செல்லாது, எண்ணையே திரும்பச் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ன்னு கேட்டா முப்பது பேரும் ‘புரிஞ்சுது டீச்சர்’னு சொல்றாங்களே, அது ரோஜர். புரிந்ததற்கு அத்தாட்சி இல்லை. கேள்வியை மாற்றி, ‘நான் என்ன செய்யச் சொன்னேன், சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட முதல் நாள், வீட்டுப்பாடத்தின் பக்க எண் நான்கு விதமாக வந்தது.

பயிற்சி ஒன்று. மூவர் கொண்ட குழு. ஒருவர் அதிகாரி, ஒருவர் விமானி, மூன்றாமவர் சாட்சி. அதிகாரி மூன்று எண்கள் உள்ள ஒரு கட்டளையை ஒரே முறை வாசிப்பார். விமானி முதுகைக் காட்டி உட்கார்ந்து, குறிப்பெடுத்துத் திரும்பச் சொல்வார். சாட்சி இருவர் சொன்னதையும் எழுதுவார். அதிகாரிக்குத் தெரியாமல் விமானி ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி வையுங்கள். எத்தனை அதிகாரிகள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். என் படிவம் 4 வகுப்பில் எட்டுக் குழுக்களில் மூன்றுதான் கண்டுபிடித்தன. மற்ற ஐந்து அதிகாரிகளும் தலையாட்டி ‘ஓகே’ என்றார்கள்.