செட்டப்புன்னு தெரிஞ்சும் ஏன் முழிச்சிருந்தேன்?

டிஸ்கி: ரெஸ்லிங் பிடிக்காதவங்க, "அது எல்லாம் டூப்பு பாஸ்" என்று சொல்ல வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. ஏரோ சீரியல் இன்னும் பார்க்காதவங்களுக்கு இதில் கதை கொஞ்சம் உடையும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. இங்கே ஜெர்மனியில் விடிகாலை ஐந்து மணி சுமார். பத்து மணிக்கு லேப் ரிப்போர்ட் கொடுக்கணும், ஒரு வரி எழுதலை. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? லேப்டாப் முன்னாடி போர்வையைப் போர்த்திக்கிட்டு, பக்கத்து ரூம்காரன் எழுந்துடக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். பிலடெல்பியாவில் ரெஸில்மேனியா 40 அப்பத்தான் முடிஞ்சிருந்தது. கோடி ரோட்ஸ் ஜெயிச்சுட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பா போன். நம்மூர்ல எட்டரை தாண்டியிருக்கும், ஆபீஸ் கிளம்புற நேரம். குரல் கம்மியிருந்ததைக் கண்டுபிடிச்சுட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிருப்பாங்கல்ல? அதுக்கா ராத்திரி பூரா முழிச்சே?"

நியாயமான கேள்விதான். அப்ப சரியா பதில் சொல்லலை. இந்தப் பதிவுதான் பதில்.

நம்ம தலைமுறைக்கு ரெஸ்லிங் எப்படி வந்ததுன்னு சொல்லத் தேவையில்லை. டென் ஸ்போர்ட்ஸ், அப்புறம் பெட்டிக்கடை டிரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ்னு கத்திக் கத்தி கிளாஸ்ல மாட்டிக்காதவன் யாரு? அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். அது நிஜ சண்டை இல்லைன்னு தெரிஞ்சப்ப ரெண்டு நாள் மனசு விட்டுப்போச்சு. அப்புறம் ஒரு விஷயம் புரிஞ்சது. இது சண்டை இல்லை, கதை. கதைன்னா எனக்கு ஓகே. சூப்பர்மேன் பறக்கிறதும்தான் டூப்பு. அதை யாரும் கேட்கிறதில்லையே :)

சரி, மேட்டருக்கு வருவோம். 2015-ல் என்னோட ரெண்டு பைத்தியமும் ஒரே மேடையில் மோதிக்கிச்சு. ஏரோ சீரியலில் ஆலிவர் குவீனா நடிச்ச ஸ்டீபன் அமெல் மே மாசம் ரா நிகழ்ச்சிக்குப் பார்வையாளரா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஸ்டார்டஸ்ட் என்ற வில்லன் அவர்கிட்ட வம்பு இழுத்தார். மூஞ்சி பூரா பெயிண்ட், காமிக்ஸ் வில்லன் மாதிரியே பேச்சு. ஆகஸ்ட்ல அமெல் தடுப்பைத் தாண்டிக் குதிச்சு அடிச்சார். ஆகஸ்ட் 23, புரூக்ளின்ல சம்மர்ஸ்லாம். அமெலும் நெவிலும் ஒரு பக்கம், ஸ்டார்டஸ்ட்டும் கிங் பேரட்டும் இன்னொரு பக்கம். நெவில் தன்னோட ரெட் ஏரோ அடியைப் போட்டு முடிச்சார். பச்சை அம்பும் சிவப்பு அம்பும் ஒரே டீம்! பெருசா கதை ஒண்ணும் இல்லை, ஜாலியா போச்சு.

ஆனா அந்தப் பெயிண்டுக்கு உள்ளே இருந்தது கோடி ரோட்ஸ். அவங்க அப்பா டஸ்டி ரோட்ஸ், ரெஸ்லிங்கில் பெரிய ஜாம்பவான். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கதைப்படி, அண்ணன் கோல்டஸ்ட்டும் அப்பாவும் கெஞ்சக் கெஞ்ச, கோடின்னு ஒருத்தன் இப்ப இல்லைன்னு ஸ்டார்டஸ்ட் அப்பாவை உதறிட்டுப் போனார். நாலு மாசம் கழிச்சு, ஜூன் 11 அன்னைக்கு டஸ்டி நிஜமாவே இறந்துட்டார். கதையில் அப்பாவும் பிள்ளையும் சேரவே இல்லை.

அமெல் கூட அந்த மேட்ச் நடந்தது அதுக்கு ரெண்டரை மாசம் கழிச்சு. அப்பா செத்து துக்கம் தீராத ஒரு ஆள், தனக்கு அப்பாவே இல்லைன்னு சொல்ற வேஷத்தைப் போட்டுக்கிட்டு, பாம்பு மாதிரி உஸ் உஸ்ஸுன்னு சீறிக்கிட்டு நிக்கிறார். அன்னைக்கு சிரிச்சுட்டேதான் பார்த்தேன். இப்ப அதே வீடியோவைப் போட்டா முழுசா பார்க்க முடியலை.

இங்கேதான் ஏரோ ஞாபகம் வருது. ஆலிவரோட அப்பா ராபர்ட், கப்பல் மூழ்கினப்புறம் உயிர்காப்புப் படகில், மகனாவது பிழைக்கட்டும்னு தன்னையே சுட்டுக்கிறார். நான் செஞ்ச தப்பை நீ சரி பண்ணுன்னு சொல்லிட்டுப் போறார். மொத்த சீரியலும் அந்த ஒரு பாரத்தின் மேலேதான் நிக்குது. 2012 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2020 ஜனவரியில் முடிஞ்சது, 8 சீசன், 170 எபிசோட்.

கோடிக்கும் அதே கதை. 1977-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல டஸ்டி, சூப்பர்ஸ்டார் பில்லி கிரகாமை ஜெயிச்சார். ஆனா கவுண்ட் அவுட். எதிராளி ரிங்குக்கு வெளியே பத்து எண்ணும் வரை இருந்துட்டா மேட்ச் கிடைக்கும், பெல்ட் கிடைக்காது. அந்த பெல்ட் கடைசி வரைக்கும் டஸ்டிக்குக் கிடைக்கலை. அதை வாங்குறதுதான் பிள்ளையோட பாரம். வித்தியாசம் ஒண்ணுதான், ராபர்ட் குவீனை எழுத்தாளர்கள் உருவாக்கினாங்க. டஸ்டி நிஜம்.

2016 மே மாசம் கோடி கம்பெனியை விட்டு வெளியே வந்தார். அக்டோபர்ல ஏரோ 5-வது சீசனில் டெரெக் சாம்ப்சனா வந்தார், வலியே தெரியாத வில்லன்! ரெஸ்லருக்கு இதைவிடக் குசும்பான வேஷம் கொடுக்க முடியாது. 2018 செப்டம்பர்ல நண்பர்களோட சேர்ந்து ஆல் இன் ஷோ நடத்தினார், 11,263 பேர் வந்தாங்க. அமெலும் அதில் சண்டை போட்டார். அப்பா வச்சிருந்த என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை அன்னைக்கு மகன் ஜெயிச்சார். 2022 ஏப்ரல்ல பெயிண்ட் இல்லாம, சொந்தப் பேரோட, பழைய வீட்டுக்கே திரும்பினார்.

அந்த ஜூன்ல ஹெல் இன் எ செல். மார்புத் தசை கிழிஞ்ச நிலையில் ரிங்குக்கு வந்து சட்டையைக் கழற்றினார். நெஞ்சு, கை எல்லாம் கத்தரிக்காய் கலர். அப்படியே சேத் ராலின்ஸ் கூட மோதினார். அப்பா, யார் ஜெயிப்பான்னு எழுதி வச்சிருந்தாங்க. உண்மைதான். அந்த ரத்தக்கட்டை யாரும் எழுதலை.

ஏரோவில் சாரா லான்ஸ் 3-வது சீசன் முதல் எபிசோட்ல செத்தாங்க, அடுத்த சீசன்ல லாசரஸ் குளத்தில் முக்கி எழுப்பிட்டாங்க. அன்னைக்கே எனக்கு சாவு பயம் போயிடுச்சு. யார் செத்தாலும் "சரி, எப்ப வருவீங்க?"ன்னுதான் தோணும். ரெஸ்லிங்கில் லாசரஸ் குளம் கிடையாது, ரீடேக்கும் கிடையாது.

இன்னொண்ணு, ரசிகன் சத்தம். ஏரோவில் ஃபெலிசிட்டி ஒரே ஒரு எபிசோடுக்கு வந்த பாத்திரம், பிடிச்சுப்போனதால் அடுத்த சீசனில் முழுநேரமா ஆனாங்க. டிவியில் அது மெதுவா நடக்கும். 2024 பிப்ரவரி 2 அன்னைக்கு கோடி ஒதுங்கிக்கிட்டு, ரோமன் ரெயின்ஸ் எதிரே ராக் வந்து நின்னார். மக்கள் கொதிச்சுட்டாங்க. நானும் தூங்காம கண்ட இடத்தில் எல்லாம் திட்டித் தீர்த்தேன். ஆறே நாள், பிப்ரவரி 8 அன்னைக்கு மேட்ச் கோடிக்கே திரும்பிடுச்சு, ராக் வில்லனாயிட்டார். எழுதி வச்ச கதையை ஒரே வாரத்தில் ஜனங்க மாத்தி எழுத வச்சாங்க. எந்த சீரியலில் இது நடக்கும்?

கடைசி மேட்ச். ஜான் சீனா வந்தார், அண்டர்டேக்கர் வந்து ராக்கைத் தூக்கிப் போட்டார், எண்ட்கேம் கிளைமாக்ஸ் மாதிரி ஆளாளுக்கு வந்தாங்க. எனக்குப் பிடிச்சது அது இல்லை. ராலின்ஸ் பழைய ஷீல்டு உடையில் வந்தார். ரெயின்ஸ் கையில் நாற்காலி. முன்னாடி கோடி, பக்கத்தில் ராலின்ஸ். கோடியை அடிச்சிருந்தா கதை முடிஞ்சது. ஆனா 2014-ல் இதே ராலின்ஸ் நாற்காலியால் முதுகில் குத்தின துரோகம் ஞாபகம் வந்து, அவரை அடிச்சார். அந்த ஒரு அடியில் 1,316 நாள் ஆட்சி போச்சு. பத்து வருஷப் பகையை ஒரு வார்த்தை வசனம் இல்லாம முடிச்ச ரைட்டருக்கு ஒரு சல்யூட்.

அப்பாவுக்குப் பதில் சொல்லணுமே. சாயந்திரம் நானே போன் பண்ணினேன். "சின்ன வயசுல செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்க்க விடிய விடிய முழிச்சிருந்தேன்னு சொல்வீங்களே, படுகளத்தன்னைக்கு துரியோதனன் சாவான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது வேற, இது வேறடா," என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பையனோட அப்பா உயிரோட இருந்து பார்த்திருக்கலாம்," என்றார்.

பின்குறிப்பு 1: 2025 ஏப்ரல்ல லாஸ் வேகாஸில் கோடி அந்த பெல்ட்டை சீனாகிட்ட தோத்தார். தம்பி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு அப்பாதான் முதல்ல போன் பண்ணினார், "உன் ஆளு போயிட்டானாமே?" ஆகஸ்ட்ல திரும்ப ஜெயிச்சப்ப நான் முந்திக்கிட்டேன்.

பின்குறிப்பு 2: லேப் ரிப்போர்ட் பத்து மணிக்குக் கொடுத்துட்டேன். மார்க்கைக் கேட்காதீங்க. அது நிஜம், எழுதி வச்சதில்லை.