மடிந்த மணலும் மறைந்த நடுக்கமும்

ஆற்றங்கரை இடிந்த இடத்திலோ, சாலைக்காக மலையை வெட்டிய இடத்திலோ படிவுப் பாறையின் அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். பாய்மேல் பாய் விரித்தாற்போல் பெரும்பாலும் மட்டமாகவே கிடக்கும். சிற்சில இடங்களில் மட்டும் ஒரு விந்தை. மேலும் கீழும் உள்ள அடுக்குகள் நேராயிருக்க, இடையே சாண் கனமுள்ள ஓர் அடுக்கு மட்டும் கசக்கிய துணிபோலச் சுருண்டு கிடக்கும். மலைகளை மடித்த பேராற்றல் இதைச் செய்திருக்க முடியாது. செய்திருந்தால் மற்ற அடுக்குகளும் சேர்ந்தே மடிந்திருக்கும். ஆகவே இவ்வடுக்கு பாறையாவதற்கு முன்னரே, சேறும் மணலுமாய் இளகிக் கிடந்த நாளிலேயே குலைந்திருக்க வேண்டும். சுருளின் உச்சிகளை அடுத்து வந்த வெள்ளம் சீவிவிட்டு, அதன்மேல் புது மணலைப் பரப்பியிருப்பதும் உண்டு. அதைக் கண்டால் ஐயத்துக்கே இடமில்லை.

குலைத்தது எது? படியில் அரிசி அளப்பவர் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி அமுங்குகிறது. மணிகள் நெருங்க, இடையிலிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆற்றங்கரை மணலில் மணிகளுக்கிடையே இருப்பது நீர். நிலம் நடுங்கும்போது மணல் நெருங்கப் பார்க்கிறது. நீரோ அந்தச் சில நொடிகளுக்குள் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி நிற்கிறது. மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு நீரில் மிதக்கின்றன. திடமாயிருந்த மணல் கஞ்சியாகிவிடுகிறது. மேலேயுள்ள கனத்த மணல் கீழேயுள்ள இளஞ்சேற்றில் உருண்டை உருண்டையாய் அமிழும். சேறு தீக்கொழுந்துபோல் இடையே மேலெழும். நீர் மணலை வாரிக்கொண்டு வெடிப்புகளின் வழியே பீறிடும். நீர் வடிந்ததும் அக்கோலம் அப்படியே நிலைத்துவிடும். 1958-இல் டச்சு நிலநூலார் கியூனென், சேற்றின்மேல் மணலைப் பரப்பிக் குலுக்கி, இவ்வுருண்டைகளை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார்.

வடநாட்டில் படிக்க வந்திருக்கும் நமக்குப் பீகார் தொலைவன்று. 1934 ஜனவரி 15-இல் நேர்ந்த பூகம்பத்தின்போது மோத்திஹாரி, சீதாமர்ஹி, மதுபனி வட்டாரங்களில் வயல்கள் பிளந்து நீரும் மணலும் பொங்கின. கிணறுகள் தூர்ந்தன. வீடுகள் இடிந்ததோடு நில்லாமல் சாய்ந்தும் புதைந்தும் போயின; விளைநிலம் மணல் மூடிப் பாழாயிற்று. 2001 ஜனவரி 26-இல் கட்ச் ரண்ணிலும் நீரும் மணலும் இவ்வாறே பீறிட்டன.

ஒரே இடத்தில் பெரும் பூகம்பம் மீண்டும் வரப் பல நூறாண்டுகள் ஆகலாம். நம் ஏடுகளில் உள்ள குறிப்புகளோ சொற்பம். மண்ணே எழுதி வைத்த கணக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1897 ஜூன் 12-இல் அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தின் தடங்களைத் தேடி ஷில்லாங் பீடபூமியின் செட்ராங் பள்ளத்தாக்கில் குழிகள் வெட்டினார்கள். அவ்வாண்டின் மணல் நரம்புகளோடு, அதற்கும் முற்பட்ட நடுக்கங்களின் தடங்களும் கிடைத்தன. மட்கிய தாவரங்களிலுள்ள கரியைக்கொண்டு காலமும் கணித்தனர்.

எனினும் சுருண்ட அடுக்கைக் கண்டதுமே "பூகம்பம்!" என்று கூவுவது தகாது. நடுக்கத்தால் குலைந்த படிவுக்கு ஜெர்மானியரான ஸைலாக்கர் 1969-இல் 'சைஸ்மைட்' என்று பெயரிட்டார். அன்றுதொட்டு அப்பெயர் சற்றுத் தாராளமாகவே வழங்கப்படுகிறது என்பது என் எண்ணம். வெள்ளம் ஒரே மூச்சில் கொட்டிய மணலும், புயலலையின் அழுத்தமும், சரிவில் வழுக்கிய சேறும், ஏன், மாடு மிதித்த சகதியுங்கூட இதையொத்த கோலங்களை உண்டாக்கும். ஒரு வெள்ளத்தைப் பூகம்பமாக எண்ணிவிட்டால் இடைவெளிக் கணக்கே தவறும். அக்கணக்கை நம்பி அணையும் பாலமும் கட்டுவோர் கதி என்ன? ஆகவே, குலைவு பல கல் தொலைவுக்கு ஒரே அடுக்கில் தொடர்கிறதா, சரிவில்லாத இடத்திலும் உண்டா, அருகில் நிலப்பிளவு உளதா என்றெல்லாம் கேட்டாக வேண்டும்.

இம்முறையைச் சோதிக்கக் கலிபோர்னியாவில் ஒரு வாய்ப்புக் கிட்டியது. 1971-இல் ஸான் பெர்னாண்டோ பூகம்பத்தில் வான் நார்மன் நீர்த்தேக்கத்தின் அணை சிதைந்தது. தேக்கத்தின் அடிவண்டலை ஸிம்ஸ் என்பவர் ஆராய்ந்தார். குலைந்த அடுக்குகள் மூன்று இருந்தன. அவ்வட்டாரத்தைக் குலுக்கிய 1930, 1952, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளின் நடுக்கங்களோடு அவை பொருந்தின.