காட்டாது காட்டல்: 'சைன்ஸ்' திரைப்படத்தில் அச்சம் வளரும் முறை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவை ஒவ்வொன்றும் எவ்வெவற்றினின்று பிறக்கும் என்பதையும் வரையறுத்துள்ளார். அச்சம் பிறக்கும் களன்கள் நான்கு. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. வியப்பாகிய மருட்கை பிறக்கும் களன்களும் நான்கே. அவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. இவ்விரு மெய்ப்பாடுகளும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்பட்டன, எனினும் ஒன்றல்ல. வேற்றுக் கோளினின்று மனிதரல்லாதார் பூமிக்கு வருதலைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் கைகொடுக்கும். அவ்வேற்றுக் கோளார் முன்பு கண்டறியாத புதியர். ஆதலின் மருட்கைக்கு உரியர். கண்ணிற் படாது உலவுவராயின் அணங்கினை ஒப்பர். இருளிற் பிறர் மனை புகுவராயின் கள்வரை ஒப்பர். ஆதலின் அச்சத்துக்கும் உரியர். அவர்களை விளக்கொளியில் முழுமையாகக் காட்டினால் மருட்கை மிகும்; மறைத்து வைத்தால் அச்சம் மிகும். எதனை வேண்டுவது என்பது நெறியாளரின் கையில் உள்ளது.

தமிழ்த் திரையில் இப்பொருள் புதிதன்று. ஏ. காசிலிங்கம் நெறிப்படுத்திய 'கலை அரசி' 1963ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. வேற்றுலகத்தார் தம் உலகிற் கலை இல்லாக் குறையைத் தீர்க்கப் பூமியிலிருந்து ஒரு கலைச்செல்வியைக் கவர்ந்து செல்கின்றனர். நாயகன் பின்தொடர்ந்து சென்று மீட்கின்றான். எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த இப்படத்தில் எம். என். நம்பியார் வேற்றுலகத்தவராக வருகின்றார். அவருடைய உடை, அவரது விண்கலம், அவருலகின் மாளிகைகள் யாவும் காண்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. இவற்றைக் கண்டு வியந்தோர் பலராகலாம். நடுங்கினோர் இருந்திருப்பாரெனத் தோன்றவில்லை. சீதையைக் கவர்ந்த கதை விண்வெளிக்கு மாற்றப்பட்டது என்று சொன்னாலும் தவறாகாது. இது குறையன்று, படத்தின் நோக்கமே மருட்கை.

அதே 1963இல் அமெரிக்காவில் அல்பிரட் ஹிச்கொக்கின் 'த பேர்ட்ஸ்' வெளிவந்தது. அதில் மனிதரைத் தாக்குவன வேற்றுக் கோளார் அல்லர். அன்றாடம் காணும் பறவைகளே. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பெண் இருக்கையில் அமர்ந்து காத்திருக்கின்றாள். உள்ளே பிள்ளைகள் பாடுகின்றனர். அவளுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறி விளையாடும் இரும்புச் சட்டத்தில் ஒரு காகம் வந்து அமர்கிறது. பின்னர் மேலும் சில. அவள் அறியாள்; காண்போர் அறிவர். அவள் திரும்பிப் பார்க்கும்போது சட்டம் முழுதும் காகங்கள் நிறைந்திருக்கின்றன. இசைக்கருவி எதுவும் முழங்கவில்லை; பிள்ளைகளின் பாட்டு மாத்திரம் நீண்டுகொண்டே போகின்றது.

ஆங்கிலத்தில் 'சஸ்பென்ஸ்' எனப்படுவது இதுவே. தொங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்த சொல் அது. தமிழில் தவிப்பு என்பது இதற்கு ஏறக்குறையப் பொருந்தும். ஹிச்கொக் பிரெஞ்சு நெறியாளர் திரூபோவுடன் உரையாடியபோது இதனை ஒரு மேசையைக் கொண்டு விளக்கினார். மேசையின் கீழ் குண்டு இருப்பதைக் காண்போர் அறியாதிருக்க அது வெடித்தால், விளைவது சில நொடித் திடுக்கம். குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் காண்போர் அறிந்திருக்க, மேசையைச் சுற்றி இருப்போர் ஏதுமறியாது வீண்பேச்சுப் பேசிக்கொண்டிருந்தால், விளைவது பல நிமிடத் தவிப்பு.

அம்பாறைக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க மேசையும் குண்டும் வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஞாயிறு காலை, சுமாத்திராவிற்கு அப்பால் நிலம் நடுங்கி இரண்டு மணித்தியாலம் ஆகுமுன்னரே கடல் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஏறிற்று. முன்னறிவித்தல் யாதும் இல்லை. ஆதலின் தவிப்பும் இல்லை. பேரிழப்பு மாத்திரமே இருந்தது. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி பிற்பகல் மீண்டும் சுமாத்திராவிற்கு அப்பால் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. மக்கள் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு கரையை விட்டு மேற்கே நகர்ந்தனர். வானொலியையும் கைத்தொலைபேசியையும் கேட்டவண்ணம் இருந்தனர். அன்று பேரலை வரவில்லை. வராத அலைக்காகக் காத்திருந்த அந்த மணித்தியாலங்களே தவிப்பு என்பதன் முழு இலக்கணம்.

இனி, இக்கலையை வேற்றுக் கோளார் படையெடுப்புக் கதையொன்றில் திறம்படக் கையாண்ட படத்துக்கு வருவோம். 2002 ஓகஸ்டில் வெளிவந்த 'சைன்ஸ்' என்பது அது. அறிகுறிகள் என்பது இப்பெயரின் பொருள். தமிழெழுத்தில் எழுதுங்கால் விஞ்ஞானம் என்று மயங்குதல் கூடாது. கதை எழுதி நெறிப்படுத்திய மனோஜ் நைட் சியாமளன், புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹியில் 1970இற் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர்.

படையெடுப்புக் கதைக்கு எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட 'த வார் ஒவ் த வேர்ல்ட்ஸ்' நாவலே முன்னோடி. அதன் வழிவந்த படங்கள் பலவற்றில் தலைநகரங்கள் எரியும், படைகள் ஓடும், விஞ்ஞானிகள் கூடுவர். சியாமளன் இவை அனைத்தையும் விலக்கினார். அவருடைய உலகம் சோளவயல் சூழ்ந்த ஒரு பண்ணை வீடு. அவ்வீட்டில் நால்வர்: மனைவியை வீதி விபத்தில் இழந்து, அதனால் இறைநம்பிக்கையையும் இழந்து, குருத்துவப் பணியைத் துறந்த கிரகாம் ஹெஸ், அவன் தம்பி மெரில், ஆஸ்துமா என்னும் தொய்வு நோயுடைய மகன் மோர்கன், சிறு மகள் போ. முழு உலகும் தாக்கப்படுகின்றது. ஆயினும் காண்போர் அஞ்சுவது இந்நால்வர் பொருட்டே.

படம் சாளரக் கண்ணாடியினூடே தொடங்குகின்றது. பழைய கண்ணாடியாதலின் வெளியே உள்ளவை நெளிந்து தெரிகின்றன. காண்பது மெய்தானா என்னும் ஐயம் முதற் காட்சியிலேயே விதைக்கப்படுகின்றது. அடுத்துச் சோளவயலிற் பயிர் வட்டமாக மடிந்து கிடத்தல் காட்டப்படும். மடித்தவர் எவர் என்பது காட்டப்படாது. இரவில் மகள் தந்தையை எழுப்பி, தன் அறைக்கு வெளியே பூதம் நிற்பதாகவும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றும் ஒரே மூச்சிற் சொல்கிறாள். குழந்தைகள் இப்படித்தான் சொல்வார்கள் என்று காண்போர் முறுவலிக்கும் வேளையில், எதிர்க் கூரைமேல் ஒரு கரிய உருவம் நிற்கின்றது. அண்ணனும் தம்பியும் அயலூர்க் குறும்பர் என்றெண்ணி வீட்டைச் சுற்றி ஓடுகின்றனர். அவர்கள் ஓட்டம் நகைப்பையும் தருகின்றது. நகையும் அச்சமும் இங்ஙனம் பக்கத்திற் பக்கம் வைக்கப்படுதல் இப்படத்தின் தனிச்சிறப்பு. சிரித்து நெகிழ்ந்த மனத்தில் அச்சம் எளிதாக இறங்கும்.

பின்னொரு நாளிரவு கிரகாம் மின்சூளுடன் சோளவயலுட் செல்கின்றான். மின்சூள் கையினின்று வீழ்கின்றது. எடுத்து ஒளியைத் திருப்பும் கணத்தில் ஒரு கால் பயிருக்குள் மறைகின்றது. உடலில்லை, முகமில்லை, ஒரு கால் மாத்திரமே. படத்தின் பெரும்பகுதி இவ்வாறு உறுப்புறுப்பாகவே பகைவனை அளந்து தருகின்றது. முதலில் ஒலி. தொட்டிற் குழந்தையின் அழுகையை அடுத்த அறையிற் கேட்பதற்கான சிறு வானொலிக் கருவியில் இனந்தெரியாத ஓசை எழுகின்றது. அதனைத் தெளிவாகக் கேட்பதற்காகக் குடும்பம் முழுவதும் காரின்மேல் ஏறி ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கின்றது. பின்னர் நிழல், பின்னர் கால், பின்னர் விரல்.

தொலைக்காட்சிச் செய்தி இப்படத்தில் ஒரு நடிகர்போல இயங்குகின்றது. 1938 ஒக்டோபர் 30ஆந் திகதி ஓர்சன் வெல்ஸ் வெல்ஸின் நாவலை வானொலி நாடகமாக்கியபோது செய்தி அறிவிப்பின் வடிவத்தையே கையாண்டார். (அந்நாடகத்தாற் பெரும் பீதி பரவிற்று என்னும் செய்தியைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தின என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு.) கதை எனின் ஐயுறும் மனம், செய்தி எனின் நம்பிவிடும். சியாமளனின் படத்தில் மெரில் சிற்றறையொன்றுள் தனியே அமர்ந்து செய்தி பார்க்கின்றான். பிரேசில் நாட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தில் எவரோ எடுத்த நடுங்கும் படம் ஓடுகின்றது. பிள்ளைகள் சாளரத்தை மறைத்து நிற்கின்றனர். விலகுங்கள் என்று மெரில் திரைக்குட் கையசைக்கின்றான். கேட்க அவர்கள் அங்கு இல்லை. ஒழுங்கையின் குறுக்கே ஒன்று ஓரிரு கணம் நடந்து போகின்றது. அவ்வளவே. படத்தில் வேற்றுக் கோளான் முதன்முதல் முழு உருவிற் காணப்படுமிடம் இது. இக்காட்சியின் அச்சம் அவ்வுருவத்தாலன்று. காத்திருக்கவைத்த அந்த நேரத்தாலும் மெரிலின் முகத்தாலும் ஆகியது.

கிரகாமின் மனைவி மீது வாகனத்தை ஏற்றியவன் ரே ரெட்டி. அப்பாத்திரத்தை நெறியாளரே ஏற்று நடித்தார். அவன் தன் வீட்டு உணவறையுள் ஒன்றை அடைத்துவைத்துள்ளான். கிரகாம் கத்தியைக் கதவின் கீழ் நுழைத்து அதன் பளபளப்பில் உள்ளே பார்க்க முயல்கின்றான். கண்ணாடி, கத்தி, அணைந்த தொலைக்காட்சித் திரை என்று இப்படம் எங்கணும் பகைவனை நேரே காட்டாது பிரதிபலிப்பாகவே காட்டுதல் கவனிக்கத்தக்கது.

இறுதியில் அடைப்பு. சாளரங்களுக்குப் பலகை அறைந்தபின், நால்வரும் தத்தமக்கு விருப்பமான உணவைச் சமைத்து உண்ண அமர்ந்து, உண்ணமாட்டாது அழுது ஒருவரையொருவர் அணைத்துக்கொள்கின்றனர். படத்தின் மிகச் சிறந்த காட்சி எதுவெனின் இதுவே எனலாம். பகைவன் இதில் இல்லை. பின்னர் நிலவறை. விளக்கு உடைகின்றது, மின்சூள் உருள்கின்றது, திரை ஏறக்குறைய இருளாகின்றது. ஒலி மாத்திரம் எஞ்ச, மகனுக்குத் தொய்வு காண்கின்றது. மருந்து மேலே இருக்கின்றது. ஜேம்ஸ் நியூட்டன் ஹவார்டின் மூன்று சுர இசை படத்தின் தொடக்கத்தில் ஓங்கி ஒலித்தது. இத்தகைய இடங்களிற் பெரிதும் அடங்கிவிடுகின்றது. மூச்சின் ஓசையே இசையாகின்றது.

பூட்டிய வீட்டினுள் இருந்து வெளியிலுள்ள ஓசைக்குச் செவிகொடுத்தல் எத்தகையது என்பதைக் கிழக்குக் கரை 2011 ஓகஸ்டில் அறிந்தது. கிறீஸ் மனிதன் என்றும் மர்ம மனிதன் என்றும் பேசப்பட்ட உருவம் ஊரூராகப் பீதியை எழுப்பிற்று. அது நோன்பு மாதம். ஆண்கள் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றிருக்க, பெண்களும் பிள்ளைகளும் கதவடைத்து இருந்தனர். கூரையில் ஒரு தேங்காய்ப் பாளை வீழ்ந்தாலும் நெஞ்சு பதறிய காலம் அது. அவ்வுருவத்துக்கு ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு வடிவம். முகம் அறியப்படாமையே அதன் வலிமையாயிற்று.

சியாமளன் இவ்வலிமையை இறுதிக் காட்சியிற் கைவிட்டார். தொலைக்காட்சித் திரையிற் பிரதிபலிப்பாக வேற்றுக் கோளான் மகனை ஏந்தி நிற்கும் கணம் வரை தவிப்புக் குறையவில்லை. அவன் வெளிச்சத்தில் முழுதாகத் தோன்றியதும் அவன் ஒரு வேடதாரியாகிவிடுகின்றான்; 'கலை அரசி'யின் நம்பியாருக்கும் அவனுக்கும் அப்போது தூரம் அதிகமில்லை. எனினும் காட்சி சரிந்துவிடாது தாங்குவன முன்னர் வைத்த சிறு பொருள்கள். சுவரில் தொங்கிய பேஸ்போல் மட்டை, மகனின் தொய்வு, மனைவியின் இறுதிச் சொற்கள், மகள் அரைகுறையாகக் குடித்து வீடெங்கும் வைத்துவிட்ட தண்ணீர்க் கிண்ணங்கள் யாவும் அங்கு ஒன்றுசேர்கின்றன. அக்கிண்ணங்களைப் படம் தொடங்கியது முதலே காண்போர் பார்த்திருந்தனர், பொருட்படுத்தியிருக்கமாட்டார். ஹிச்கொக்கின் குண்டு மேசையின் கீழ் இருந்தது. சியாமளன் அதனை மேசையின் மேலேயே வைத்துவிட்டார்.

தண்ணீர் பட்டால் வேகும் உடலுடையோர், முக்காற் பங்கு கடலாகிய கோளினைத் தேடி ஏன் வந்தனர் என்று விமரிசகர் பலர் வினவினர். கடலோசை கேட்டு வளர்ந்த கல்முனை மாணவன் ஒருவன் அதனை முதலிற் கேட்பான், நியாயமான கேள்விதான். ஆனால் அரங்கின் விளக்குகள் எரிந்து, வீடு திரும்பும் வழியிலேதான் அவனுக்கும் அது தோன்றும்.