குடிக்கிற ஆரஞ்சு ஜூஸ் தெரியும்... பாடுகிற ஆரஞ்சு ஜூஸ் தெரியுமா?

1970களின் கடைசியில் பிரிட்டனில் பங்க் இசைக்குழு என்றால் பெயரே மிரட்ட வேண்டும். செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்று! அப்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பையன்கள் நான்கு பேர் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஆரஞ்சு ஜூஸ்! பாடகர் எட்வின் காலின்ஸ். கிதார் வாசித்தவர் ஜேம்ஸ் கர்க். ஆமாம், 'ஸ்டார் ட்ரெக்' கேப்டனின் பெயரேதான்!

இவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனி 'போஸ்ட்கார்டு ரெக்கார்ட்ஸ்'. அதன் ஆபீஸ் எங்கே? முதலாளி ஆலன் ஹார்ன் குடியிருந்த பிளாட்டில்! லேபிளில் டிரம் அடிக்கும் பூனை ஒன்று. 1980-இல் வந்த முதல் இசைத்தட்டு எத்தனை பிரதி? ஆயிரம்கூட இல்லை!

இதே கம்பெனியில் இன்னொரு கூத்து! எடின்பரோவின் 'ஜோசப் கே' குழு. எழுத்தாளர் காஃப்காவின் நாவல் நாயகன் பெயர். முதல் ஆல்பத்தை முழுசாகப் பதிவு செய்துவிட்டு, பிடிக்கவில்லை என்று ஓரங்கட்டினார்கள். மறுபடி பதிவு செய்து 1981-இல் வெளியிட்டார்கள். அதே வருடம் குழுவையே கலைத்துவிட்டார்கள்! போஸ்ட்கார்டு அந்தக் காலத்தில் வெளியிட்ட ஒரே ஆல்பம் அதுதான். கிதார் கலைஞர் மால்கம் ராஸ் நேராக வந்து சேர்ந்த இடம்? ஆரஞ்சு ஜூஸ்!

1983-இல் அடித்தது யோகம். 'ரிப் இட் அப்' பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் 8-ஆம் இடம்! டாப் 40-க்குள் இவர்கள் நுழைந்தது அந்த ஒரே ஒரு முறைதான். அதில் குமிழ் குமிழாக உருளும் பேஸ் ஒலி, ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டியுடையது. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்காரர்களுக்காக ஜப்பானில் செய்த கருவி. விலை போகாமல் 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதே பெட்டி பிறகு சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது இசையையே பிறப்பித்தது! ஆனால் அதற்கு முன்பே அதை ஹிட் பாடலில் ஒலிக்கவிட்டவர்கள் நம் ஜூஸ்காரர்கள்!

ஹிட் கொடுத்தும் குழு நிலைத்ததா? எங்கே! ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 1984-இன் கடைசி ஆல்பத்தில் மிச்சம் இரண்டே பேர்: காலின்ஸும், ஜிம்பாப்வேயில் பிறந்த டிரம்மர் ஜீக் மன்யிக்காவும். 1985 ஜனவரியில் லண்டன் பிரிக்ஸ்டனில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரி. அதோடு சரி!

பத்தாண்டு கழித்து காலின்ஸ் தனியாக 'எ கேர்ள் லைக் யூ' பாடி 4-ஆம் இடத்துக்குப் போனார். குழுவாக எட்டியதைவிட உயரம்!

2005-இல் காலின்ஸுக்கு மூளையில் ரத்தக்கசிவு, அதுவும் இரண்டு முறை! பேச்சு போனது. தொடக்கத்தில் அவரால் சொல்ல முடிந்தவை நான்கே: 'ஆம்', 'இல்லை', மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல்லின் பெயர், பிறகு... 'வாய்ப்புகளுக்கு முடிவே இல்லை'! இதை யாரால் கற்பனை செய்ய முடியும்? வலது கை ஒத்துழைக்காததால் இடது கையால் பறவைகளை வரைந்து பழகினார். 2010-இல் புது ஆல்பமே வந்துவிட்டது. அதில் கூடவே நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார்!