துறைமுக வேலையிலிருந்து கன்சல்டிங் துறைக்கு மாற முடியுமா? என்ன தேவை?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டைக் கவனிப்பவர், உர ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருப்பவர்... நாலைந்து வருஷம் ஆனதும் இவர்களில் சிலர் கேட்பது ஒன்றுதான்: "இப்படியே இருந்துடலாமா, கன்சல்டிங் பக்கம் போகலாமா?"

கன்சல்டிங் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தன் சிக்கலை வெளியாட்களிடம் காசு கொடுத்து ஆராயச் சொல்வதுதான். துறைமுகங்களுக்கு இது புதுசு இல்லை. நாட்டின் பெரிய துறைமுகங்களின் செயல்திறனை ஆராயும் பணியை மத்திய அரசு பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பிடம் கொடுத்தது. 2016-ல் வெளியான சாகர்மாலா திட்ட அறிக்கையில் மெக்கின்சிக்குப் பங்கு உண்டு. கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, கிரேன் மணிக்கு எத்தனை பெட்டி தூக்குகிறது என்பதெல்லாம் யார்டில் இருப்பவருக்கு அத்துப்படி.

அப்போ அனுபவம் போதுமா?

போதாது. நேர்காணலில் இப்படிக் கேட்கலாம்: "தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஐரோப்பாவுக்குச் சரக்கை கொழும்பு வழியாக அனுப்பலாமா, வேறு துறைமுகத்துக்கு லாரியில் கொண்டுபோய் நேரடிக் கப்பலில் ஏற்றலாமா?" கப்பல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் பதில் பாதிதான். லாரி வாடகை, கொழும்பில் பெட்டியை இறக்கி ஏற்றும் செலவு, அடுத்த கப்பலைத் தவறவிட்டால் வீணாகும் நாட்கள், அதுவரை சரக்கில் முடங்கும் பணத்துக்கான வட்டி என எல்லாம் கணக்கில் வர வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வேலை தெரியும், அதை எண்ணாக்கிப் பேசிப் பழக்கம் இருக்காது.

வழி என்ன?

ஒன்று, ஓராண்டு எம்பிஏ. ஹைதராபாத் ஐஎஸ்பியில் பொதுவாக 2 ஆண்டு, ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் படிப்புக்கு 4 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண் வேண்டும். கட்டணம் பல லட்சம். இன்னொன்று, டெலாய்ட், கேபிஎம்ஜி போன்றவற்றின் சப்ளை செயின் பிரிவுகளில் நேரடியாகச் சேர்வது. எஸ்ஏபி தெரிந்தால் கை கொடுக்கும்.

இழப்பும் உண்டு. சென்னை, பெங்களூரு, மும்பைக்குக் குடிபோக வேண்டும், ஓயாத பயணம். வயதில் சின்னவர் மேலாளராக வரலாம். ஊரிலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்திருக்கும்போது, போகத்தான் வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி.

கல்விக் கடன் எடுக்கும் முன், அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். கன்சல்டிங்கில் சேர்ந்தவர்களில் ஆலை, துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று முன்னாள் மாணவர்களிடம் விசாரிப்பது அவசியம்.